பதினேழு வயதுக்குள்

கிளாஸ்கோ நகரின் ஹாம்ப்டன் பார்க் மைதானம், 1989 ஜூன் 24, ஃபிஃபாவின் இளையோர் உலகப் போட்டியின் ஃபைனல். ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். ஆடுகிறவர்களோ பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்கள். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அது நம்ப முடியாத நாள். அவர்களுடைய பெரிய அணி உலகக் கோப்பைக்குப் போகும், முதல் சுற்றோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பும், அதுதான் வழக்கம். இந்தப் பையன்கள் அரையிறுதியில் போர்ச்சுகலை, அதுவும் பின்னாளில் பெரிய நட்சத்திரமான லூயிஸ் ஃபிகோ இருந்த போர்ச்சுகலை, 1-0 என்று வென்று ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். ஃபைனலிலும் இரண்டு கோல் முன்னிலை. எதிரணி சவூதி அரேபியா.

அப்புறம் நடந்ததை ஸ்காட்லாந்தில் இன்னும் மறக்கவில்லை. சவூதி ஒரு கோல் போட்டது, இன்னொன்றும் போட்டது. 2-2 என்று நிற்கும்போது ஸ்காட்லாந்துக்கு ஒரு பெனால்டி கிடைத்து, அதுவும் வீணானது. கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டில் சவூதி ஜெயித்தது. அன்று தொடங்கிய பேச்சு மீசையைப் பற்றியது. அந்தப் பையன்களில் சிலருக்கு மீசை அடர்த்தியாக இருந்ததாம், பதினாறு வயது என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்று கேட்டார்கள். மீசையை வைத்து வயதைச் சொல்ல முடியாது என்பது என் கட்சி. ஒன்பதாம் வகுப்பிலேயே ஷேவ் பண்ணிக்கொண்டு வந்தவன் எங்கள் வகுப்பில் இருந்தான். எப்படியோ, எதுவும் நிரூபணமாகவில்லை. கோப்பை சவூதியிடமே இருக்கிறது. ஆண்கள் கால்பந்தில் ஃபிஃபாவின் உலகப் பட்டம் ஒன்றை வென்ற ஒரே ஆசிய அணி இன்றுவரை அதுதான்.

அந்த ஆட்டம் நடந்த போட்டியை, அதாவது ஃபிஃபாவின் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை (அன்று வரம்பு பதினாறு), பல வருடங்களாகப் பின்தொடர்ந்து வருகிறேன். அடுத்த மெஸ்ஸி யார் என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் பலரும் இதைப் பார்க்கிறார்கள். எனக்கு இந்தப் போட்டியின் கதை வேறு மாதிரித் தெரிகிறது. ஒரு பையனுக்கு உண்மையில் என்ன வயது, அந்த வயதுக்கு என்ன விலை? நாற்பது வருடமாகப் பெரியவர்கள் இந்த இரண்டு கேள்விகளோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு விதை போட்ட ஊர் சிங்கப்பூர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1977-ல் சிங்கப்பூர் கால்பந்துச் சங்கம் 'லயன் சிட்டி கோப்பை' என்ற பெயரில் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு சர்வதேசப் போட்டியைத் தொடங்கியது. உலகிலேயே அந்த வயதுக்காரர்களுக்கான முதல் போட்டி அது. அப்போது சங்கத்தின் தலைவர் என். கணேசன் என்ற வழக்கறிஞர். அதே வருடம்தான் சிங்கப்பூர் மலேசியா கோப்பையை வென்றது. காலாங் மைதானத்தில் கூட்டம் எழுப்பிய ஆரவாரத்துக்கு இன்றும் அங்கே தனிப் பெயரே உண்டு. 1982-ல் லயன் சிட்டி கோப்பையைப் பார்க்க வந்தார் ஃபிஃபாவின் அப்போதைய பொதுச்செயலாளர் செப் பிளாட்டர். திரும்பிப் போய், இதை உலக அளவில் நடத்தலாம் என்று யோசனை சொன்னார். பின்னாளில் அவர் பெயர் எதற்கெல்லாமோ அடிபட்டது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் கண் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

முதல் போட்டி 1985-ல் சீனாவில் நடந்தது. பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின், தாலியான் என்று நான்கு ஊர்கள், பதினாறு அணிகள். காசு போட்டது கோடாக். இருபது வயதுக்காரர்கள் போட்டிக்கு ஏற்கெனவே கோகோ கோலா இருந்தது, பதினாறு வயதுக்காரர்களுக்குப் படச்சுருள் கம்பெனி. கோப்பைக்கே கோடாக் கோப்பை என்றுதான் பெயர். ஃபைனலில் நைஜீரியா 2-0 என்று மேற்கு ஜெர்மனியைத் தோற்கடித்தது. ஃபிஃபா நடத்திய எந்தப் போட்டியிலும் ஓர் ஆப்பிரிக்க நாடு கோப்பை வாங்கியது அதுதான் முதல் தடவை. அன்று முதல் கோலைப் போட்ட ஜொனாதன் அக்போபோரி பிறகு ஜெர்மன் லீக்கிலேயே பல வருடம் ஆடினார். தோற்ற அணியின் மார்செல் விட்டேசெக் எட்டு கோல் போட்டு அந்தப் போட்டியில் முதலிடம் பிடித்தார். இருவருமே நல்ல ஆட்டக்காரர்களாக வாழ்ந்தார்கள், உலகம் அதிரும் பெயர்களாகவில்லை. இந்தப் போட்டியில் இது அடிக்கடி நடப்பதுதான்.

நைஜீரியாவின் வெற்றி ஆப்பிரிக்கா முழுவதும் கொண்டாடப்பட்டது. ஆனால் சில வருடங்களிலேயே சிக்கல் வந்தது. 1988 ஒலிம்பிக்குக்கு அந்த நாடு கொடுத்த பட்டியலில் சில வீரர்களின் பிறந்த தேதியும், அதே வீரர்களுக்கு முந்தைய போட்டிகளில் கொடுத்த பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை. ஃபிஃபா இரண்டு வருடம் இளையோர் போட்டிகளிலிருந்து தடை போட்டது. 1991-ல் இருபது வயதுக்கு உட்பட்டோர் போட்டியை நடத்த நைஜீரியாவுக்கு இருந்த உரிமையும் கைநழுவி போர்ச்சுகலுக்குப் போனது. அந்த 1991 போட்டிதான் ஃபிகோ, ரூயி கோஸ்டா தலைமுறையைச் சொந்த மண்ணில் ஹீரோவாக்கியது. ஒரு நாட்டுக்காரர்களின் பிறந்த தேதிக் குளறுபடி இன்னொரு நாட்டின் பொற்காலத்துக்கு மேடை போட்டுக் கொடுத்தது.

இதைப் படித்துவிட்டு, ஆப்பிரிக்காக்காரர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று முடிவு கட்டுகிறவர்கள் நம் அப்பா, தாத்தாவின் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏன் இத்தனை பேர்? பள்ளி திறப்பது ஜூனில், ஹெட்மாஸ்டர் எழுதுவது அந்தத் தேதியை. அதற்கும் முந்தைய தேர்வு இன்னும் எளிது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள், விரல் எட்டினால் ஐந்து வயது ஆகிவிட்டது, பையனைச் சேர்த்துக்கொள்ளலாம். பிறப்பைப் பதிவு செய்யும் பழக்கம் இல்லாத ஊரில் வயது என்பது யாரோ ஒருவர் தன் வசதிக்கு எழுதிக் கொடுப்பதுதான். எண்பதுகளில் லாகோஸிலும் அக்ராவிலும் தெருவில் பந்து உதைத்த பையன்களின் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நடுவில் சில அதிகாரிகள் அதைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

1991-ல் ஃபிஃபா வயது வரம்பைப் பதினாறிலிருந்து பதினேழாக உயர்த்தியது. அந்தப் போட்டி ஈக்வடாரில் நடக்க வேண்டியது. தென் அமெரிக்காவில் காலரா பரவியதால் இத்தாலிக்கு மாற்றினார்கள். ஃபைனலில் கானா 1-0 என்று ஸ்பெயினை வென்றது. போட்டியின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து நீ லாம்ப்டே என்ற பதினாறு வயதுப் பையனுக்கு.

லாம்ப்டேயின் கதையைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இத்தாலிக்கு வருவதற்கு முன்பே அவன் பெல்ஜியத்தில் ஆண்டர்லெக்ட் கிளப்பின் பெரிய அணியில் ஆடிக்கொண்டிருந்தான். கானாவிலிருந்து யாருக்கும் தெரியாமல் கிளம்பி, நைஜீரியா வழியாக பெல்ஜியம் போய்ச் சேர்ந்தவன். அங்கே அவனுக்குக் கை கொடுத்தவர் நைஜீரிய அணியின் ஸ்டீபன் கேஷி. பெல்ஜியத்தின் லீக்கில் ஆடக் குறைந்தபட்ச வயது ஒன்று இருந்தது, இவனை ஆடவைப்பதற்காக அதையே இறக்கினார்கள். பதினாறு வயதில் பெரியவர்களோடு ஆடி கோலும் போட்டான். 'என் வாரிசு' என்று பெலே சொன்னதாகச் செய்தி பரவியது. ஒரு பையனின் தலையில் வைக்க இதைவிடப் பெரிய பாரம் அன்றைய கால்பந்தில் இல்லை.

வீட்டில் அப்பாவின் அடி தாங்காமல் வளர்ந்தவன், பள்ளிப்படிப்பு கிட்டத்தட்ட கிடையாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் வழியில்லாமல் ஏஜென்ட் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டதாக அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆண்டர்லெக்ட்டுக்குப் பிறகு ஹாலந்தில் பிஎஸ்வி, அப்புறம் இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா, கோவென்ட்ரி. அதற்கப்புறம் வரிசையைச் சொன்னால் மூச்சு வாங்கும்: இத்தாலி, அர்ஜென்டினா, துருக்கி, போர்ச்சுகல், ஜெர்மனி, சீனா, துபாய். எந்த ஊரிலும் வேர் பிடிக்கவில்லை. இந்த அலைச்சலுக்கு நடுவில் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்தார். கடைசியில் கானாவுக்குத் திரும்பி, அக்ராவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். தனக்குக் கிடைக்காத படிப்பு மற்ற குழந்தைகளுக்காவது கிடைக்கட்டும் என்று.

தங்கப் பந்து வாங்கியவர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 2003-ல் செஸ்க் ஃபாப்ரெகாஸ், 2007-ல் டோனி குரூஸ், 2017-ல் ஃபில் ஃபோடன். சரி, இவர்கள் எல்லாம் நாம் அறிந்தவர்கள். ஆனால் 2001-ல் ஒன்பது கோல் போட்டு பிரான்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்த சினாமா பொங்கோலை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? 1997-ல் தங்கப் பந்து வாங்கிய ஸ்பெயினின் செர்ஜியோ சாந்தமரியாவை? அதே அணியில் ஆடிய சாவியும் காசியாஸும் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டார்கள். ஹாம்ப்டனில் தோற்ற ஸ்காட்லாந்து அணியின் கோல்கீப்பர் ஜேம்ஸ் வில்தான் 1989-ன் சிறந்த வீரர். ஆர்சனல் கிளப்பில் சேர்ந்தார், பெரிய அணியில் இடம் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பி போலீஸ்காரர் ஆனார். எனக்கென்னவோ அது தோல்விக் கதையாகத் தெரியவில்லை. பதினாறு வயதில் உலகிலேயே சிறந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டு, அப்புறம் மாதச் சம்பளத்துக்கு ஒழுங்காக வேலை பார்த்து வாழ்ந்தவர் லாம்ப்டே பட்ட பாடு படவில்லையே.

இடையில் ஒரு வேடிக்கை. 1993-ல் ஜப்பானில் நடந்த போட்டியில் கையால் எறியும் த்ரோ இன்னுக்குப் பதிலாகக் காலால் உதைக்கும் விதியைச் சோதனை செய்து பார்த்தார்கள். பிறகு அதைப் பற்றிப் பெரிய அணிகளில் யாரும் மூச்சு விடவில்லை. இத்தாலியின் டோட்டியும் பஃபனும், ஜப்பானின் நகாட்டாவும், நைஜீரியாவின் கானுவும் அந்தச் சோதனையில் அகப்பட்டவர்கள். கோப்பை நைஜீரியாவுக்கு, ஃபைனலில் தோற்றது கானா. பெரியவர்களின் பரீட்சார்த்தங்களுக்கு எப்போதும் பையன்கள்தான் கிடைக்கிறார்கள்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். காகிதத்தை நம்ப முடியாது என்றால் எலும்பைக் கேட்பது என்று முடிவானது. ஃபிஃபாவின் தலைமை மருத்துவ அதிகாரி யிரி டுவோராக்கும் அவருடைய குழுவும் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எக்ஸ்ரே எடுத்தால் பையன்கள் மேல் கதிர்வீச்சு படும், அதனால் எம்.ஆர்.ஐ. முன்கையின் ஆர எலும்பு மணிக்கட்டில் முடியும் இடத்தில் ஒரு வளர்ச்சித் தகடு இருக்கும். வளரும் வயதில் அது தனியாகத் தெரியும், வளர்ச்சி முடிந்ததும் எலும்போடு முழுதாக ஒட்டிவிடும். வயது உறுதியாகத் தெரிந்த சுமார் ஐந்நூறு பையன்களை நான்கு நாடுகளில் பரிசோதித்தார்கள். பதினாறு வயதுக்காரர்களில் தகடு முழுதாக ஒட்டியிருந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே அளவுகோலை 2003, 2005, 2007 போட்டிகளில் ஆடிய வீரர்கள் சிலரின் ஸ்கேன்களோடு ஒப்பிட்டபோது, 35 சதவீதம் வரை வயது கூடியவர்களாக இருக்கலாம் என்று தெரிந்தது.

2009-ல் போட்டி நடந்தது நைஜீரியாவிலேயே. அந்தத் தடவைதான் மணிக்கட்டுச் சோதனை அதிகாரபூர்வமாக வந்தது. சொந்த மண், சொந்தக் கூட்டம், நடப்புச் சாம்பியன் பட்டம் எல்லாம் இருந்தும் நைஜீரியா முன்கூட்டியே தன் பையன்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தேறாதவர்களை அணியிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. மிச்சம் இருந்தவர்களைக் கொண்டே ஃபைனல் வரை வந்ததைப் பாராட்டத்தான் வேண்டும். அபுஜாவில் அவர்களை 1-0 என்று வென்றது ஸ்விட்சர்லாந்து, முதல் தடவையாக இந்தப் போட்டிக்கு வந்த அணி. ஏழு ஆட்டம், ஏழிலும் வெற்றி. கோல் போட்ட செஃபரோவிச்சின் குடும்பம் போஸ்னியாவிலிருந்து வந்தது. கிரானிட் சாக்காவின் பெற்றோர் கொசோவோ அல்பேனியர்கள். ரிக்கார்டோ ரோட்ரிகஸின் அப்பா ஸ்பெயின்காரர், அம்மா சிலிக்காரர். நெய்மாரும் கூடினியோவும் இருந்த பிரேசில் அதே போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறியது.

எலும்பு பொய் சொல்லாது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியில்லை. பதினெட்டு வயதிலும் தகடு முழுதாக ஒட்டாத பையன்கள் நிறையப் பேர், அவர்கள் சோதனையில் சுலபமாகத் தப்பிவிடுவார்கள். பதினாறு வயதிலேயே ஒட்டிவிடுகிற அபூர்வமான ஒருவன் எந்தத் தப்பும் செய்யாமல் வெளியே நிற்பான். ஆனாலும் மீசையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். முக்கியமாக, எந்தக் கண்டத்துக்காரனையும் ஒரே மாதிரி சோதிக்கிறது.

சரி, எல்லோரும் உண்மையான வயதோடு வந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது சமமாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. தகுதித் தேதி ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆட வேண்டும். பதினைந்து, பதினாறு வயதில் பதினோரு மாத இடைவெளி என்பது அரையடி உயரமாகவோ பத்துக் கிலோ எடையாகவோ இருக்கலாம். 1997 முதல் 2007 வரையிலான போட்டிகளை ஆராய்ந்த ஒருவர், ஆடியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பிறந்தவர்கள் என்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் 16 சதவீதம்தான் என்றும் கண்டார். டிசம்பரில் பிறந்த திறமைசாலிகள் பல ஊர்களில் பன்னிரண்டு வயதிலேயே 'சின்னப்பையன்' என்று ஓரங்கட்டப்பட்டு, கால்பந்தை விட்டே போயிருப்பார்கள். லாம்ப்டே டிசம்பரில் பிறந்தவர் என்பது இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விதிவிலக்கு.

2011-ல் மெக்ஸிகோ நடத்திய போட்டியின் அரையிறுதியை இணையத்தில் தேடிப் பாருங்கள். தொரியோன் நகரில் ஜெர்மனிக்கு எதிரான ஆட்டம். மெக்ஸிகோ 2-1 என்று பின்தங்கியிருக்கிறது. ஒரு கார்னர் நேராக வளைந்து கோலுக்குள் போய் 2-2 ஆகிறது. அந்தக் களேபரத்தில் ஹூலியோ கோமஸ் என்ற பையன் தலையோடு தலை மோதி ரத்தம் கொட்டக் கிடக்கிறான். தூக்கிக்கொண்டு போய்த் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டு, திரும்ப அனுப்புகிறார்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் இன்னொரு கார்னர். அந்தக் கட்டோடு அவன் காற்றில் மல்லாந்து பைசைக்கிள் கிக் அடிக்கிறான். 3-2. ஃபைனலில் அஸ்டெக்கா மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு நெருக்கமான கூட்டம் முன்னால் உருகுவேயை வென்று கோப்பையும் வாங்கிவிட்டார்கள். தங்கப் பந்து கோமஸுக்கு. அவனுடைய கால்பந்து வாழ்க்கையின் உச்சமும் அந்தப் பைசைக்கிள் கிக்தான். பிறகு சின்ன லீக்குகளில் ஆடிக் காணாமல் போனான். இன்றைய மருத்துவ நெறிப்படி அந்த அடிக்குப் பிறகு அவனைக் களத்துக்குள் விட்டிருக்கவே மாட்டார்கள். அந்தக் கோலை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது, உடனே கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2015-ல் சிலியில் பத்து கோல் போட்டு ஒரே போட்டியில் அதிக கோல் என்ற சாதனையை வைத்தவர் விக்டர் ஓசிமென். லாகோஸின் போக்குவரத்து நெரிசலில் கார்களுக்கு நடுவே ஓடித் தண்ணீர்ப் பாக்கெட் விற்ற பையன். எட்டு வருடம் கழித்து நாப்போலிக்கு இத்தாலிய லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்து, ஆப்பிரிக்காவின் சிறந்த வீரரும் ஆனார். நைஜீரியாவுக்கு அது ஐந்தாவது கோப்பை. இந்தப் போட்டியில் அவர்களைவிட அதிகம் வென்றவர்கள் யாரும் இல்லை, பிரேசிலுக்கே நான்குதான்.

2017-ல் போட்டி நம் நாட்டுக்கு வந்தது. டெல்லி, கொல்கத்தா, நவி மும்பை, கோவா, குவஹாத்தி, கொச்சி. சென்னை பட்டியலில் இல்லை, நான் கோயம்புத்தூரிலிருந்து கொச்சிக்கு ரயில் ஏறினேன். அக்டோபர் 7, பிரேசிலுக்கும் ஸ்பெயினுக்கும் ஆட்டம். கலூர் மைதானத்தின் அடியில் வழக்கமாக இருக்கும் கடைகளைப் போட்டிக்காகக் காலி செய்ய வைத்திருந்தார்கள், பாதுகாப்புக் காரணமாக இருக்கைகளையும் பாதிக்கு மேல் குறைத்திருந்தார்கள். இருந்தும் எங்கு பார்த்தாலும் மஞ்சள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மலப்புறத்துக்காரர், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து நடத்துகிற குழுவில் இருப்பவர். எந்த ஆப்பிரிக்க நாட்டிலிருந்து ஆட வந்தாலும் அவர்கள் ஊரில் 'சுடானி' என்றுதான் அழைப்பார்களாம்.

ஐந்தாவது நிமிடத்திலேயே ஸ்பெயின் முன்னிலை. பிரேசில் லிங்கன், பவுலினியோ இருவரின் கோலில் 2-1 என்று ஜெயித்தது. எல்லோரும் எதிர்பார்த்த வினீசியஸ் ஜூனியர் வரவில்லை. பதினேழு நிறைவதற்கு முன்பே ரியல் மாட்ரிட்டுக்கு 45 மில்லியன் யூரோவுக்குப் பேசி முடிக்கப்பட்டவர். அவருடைய ஃப்ளமெங்கோ கிளப் விடவில்லை. இங்கிலாந்தின் ஜேடன் சாஞ்சோவையும் முதல் சுற்று முடிந்ததும் அவருடைய ஜெர்மன் கிளப் டார்ட்மண்ட் கூப்பிட்டுக்கொண்டது. லாம்ப்டே காலத்தில் இந்தப் போட்டி சந்தையின் வாசலில் இருந்தது. 2017-ல் சந்தை முடிந்து, சரக்கு பத்திரமாக இருக்க வேண்டும் என்று முதலாளிகள் கவலைப்படும் கட்டத்துக்கு வந்துவிட்டது.

அதே நாள் அதே மைதானத்தில் நைஜர் அணி வட கொரியாவை 1-0 என்று வென்றது. நைஜர் இந்தப் போட்டிக்கு வந்தது அதுதான் முதல் தடவை, முதல் ஆட்டத்திலேயே வெற்றி. கூட்டத்தில் பாதி கிளம்பிப் போயிருந்தது. என் பக்கத்து சேட்டன் போகவில்லை. நைஜர் பையன்களின் தொடையைக் காட்டி, "இவனெல்லாம் பதினேழா?" என்று சிரித்தார். அதே கேள்வியை முந்தைய ஆட்டத்தில் ஆடிய எந்த ஸ்பெயின் பையனைப் பார்த்தும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் எல்லோருக்கும் ஒரே சோதனை.

இந்தியா ஆடிய ஆட்டங்களை டிவியில்தான் பார்த்தேன். 21 பேர் அணியில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள். கேப்டன் அமர்ஜித்தின் அம்மா இம்பாலில் மீன் விற்றவர். அக்டோபர் 9, டெல்லி, கொலம்பியாவுடன் ஆட்டம். 82-வது நிமிடம் பெங்களூர்ப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரில் ஜீக்சன் சிங் எகிறித் தலையால் முட்டினான். 1-1. ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா போட்ட முதல் கோல். பையன்கள் குவியலாக விழுந்து கொண்டாடிவிட்டு எழுந்து வருவதற்குள், அடுத்த நிமிடமே கொலம்பியா இரண்டாவது கோலைப் போட்டுவிட்டது. அந்த ஒரு நிமிடக் கவனச்சிதறலுக்காக அவர்களைத் திட்டியவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. ஆனால் மொத்தப் போட்டிக்கும் பதிமூன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள், அதுவரை இல்லாத சாதனை. கொல்கத்தா ஃபைனலில் இங்கிலாந்து, ஸ்பெயினிடம் 2-0 என்று பின்தங்கி, அப்புறம் ஐந்து கோல் போட்டது. ஃபோடனுக்கு இரண்டு. அதே வருடம் மே மாதம் ஐரோப்பிய ஃபைனலில் இதே ஸ்பெயினிடம் பெனால்டியில் தோற்றிருந்த கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள்.

2019 போட்டியைப் பெருவிடமிருந்து பறித்து பிரேசிலுக்குக் கொடுத்தார்கள். தகுதிச் சுற்றில் தோற்று வெளியேறியிருந்த பிரேசில், நடத்துகிற நாடு என்ற சலுகையில் உள்ளே வந்து கோப்பையையே வாங்கியது. 2021 கொரோனாவில் போனது. 2023 இந்தோனேசியாவில், ஜெர்மனிக்கு முதல் பட்டம்.

2025 முதல் எல்லாம் மாறிவிட்டது. இனி வருடா வருடம், 48 அணிகள், தொடர்ந்து ஐந்து வருடம் கத்தாரிலேயே. போர்ச்சுகல் ஃபைனலில் ஆஸ்திரியாவை 1-0 என்று வென்றது. அணிகள் கூடினால் என்ன ஆகும் என்று பயந்தவர்களுக்கு மொராக்கோ நியூ கலிடோனியாவைப் போட்டுத் தாக்கிய 16-0 ஆட்டம் ஒன்றே போதும். பையன்களை அப்படி அடி வாங்க வைப்பதில் என்ன பயிற்சி இருக்கிறது என்று எனக்கும் புரியவில்லை.

ஆனாலும் வருடா வருடம் என்பதை நான் ஆதரிக்கிறேன். காரணம் அதே வயதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடந்தபோது 2017-க்குத் தகுதி 2000 ஜனவரி 1-க்குப் பின் பிறந்தவர்கள், 2019-க்கு 2002 ஜனவரி 1-க்குப் பின் பிறந்தவர்கள். 2001-ல் பிறந்தவன் 2017-ல் தன்னைவிட ஒரு வயது பெரியவர்களோடு மோதி இடம் பிடிக்க வேண்டும், 2019-ல் அவனுக்கு வயது தாண்டிவிடும். உலகம் முழுக்க ஒற்றைப்படை வருடத்தில் பிறந்த பையன்களுக்கு இந்தப் போட்டியில் சரியான தருணமே வந்ததில்லை. ஜீக்சன் 2001 ஜூனில் பிறந்தவன், அந்தப் பெரிய பையன்களுக்கு நடுவில் எகிறித்தான் கோல் போட்டான். இப்போது ஒவ்வொரு வருடத்துக் குழந்தைக்கும் ஒரு போட்டி இருக்கிறது.

ஆசியாவுக்குக் கத்தார் போக எட்டு இடம், இதே வயதுக்காரர்களின் ஆசியக் கோப்பையில் காலிறுதிக்கு வந்தால் போதும். 2025 நவம்பர் கடைசியில் அகமதாபாத்தில் இந்தியப் பையன்கள் ஈரானை 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். 1950 உலகக் கோப்பைக்கு மற்ற நாடுகள் விலகியதால் இடம் கிடைத்தது, நாம் போகவில்லை. 2017-ல் வீட்டுக்காரர் என்பதால் ஆடினோம். ஆடி ஜெயித்து ஓர் ஆண்கள் உலகப் போட்டிக்கு நாம் இன்னும் போனதில்லை.